ஒரு லிட்டர் கோடு

பெயிண்ட் கடை நிறக்காரர் காலை எட்டு மணி பஸ்ஸில் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் இறங்கிப் போகும் அளவுக்கு நம் தெரு இன்னும் நாகரிகம் அடைந்துவிடவில்லை. தையல் கடை அக்கா முதலில் பையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பையைப் பார்த்தார்.

"என்னண்ணே, பச்சைக் குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வர்றீங்க?"

"தின்னர். கடைக்கு."

"கடை அந்தப் பக்கமில்ல இருக்கு?"

நிறக்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுவதுபோல் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, பைக்குள் ஏதோ சளக்கென்றது. தின்னர் இவ்வளவு கெட்டியாகச் சளக்கென்னாது என்று தையல் கடை அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் நல்லவர். மறுநாள் சாயந்திரம் வரை யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நிறக்காரரின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர், எட்டு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான கர்ப்பம். இரண்டு வாரமாக ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கால் வீங்கியது, முகம் வீங்கியது, மோதிரம் விரலைவிட்டு வர மறுத்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒருநாள் முழுவதும் போகிற சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரும்படி ஒரு வெள்ளை கேனைக் கொடுத்தார். காலையில் முதல்முறை போவதைக் கொட்டிவிட வேண்டும். அதன்பிறகு மறுநாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு வீணாகாமல் சேர்க்க வேண்டும். குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும்.

வீட்டில் குளிர்ச்சியான இடம் என்றால் ஃபிரிட்ஜ் ஒன்றுதான். கீழ்த்தட்டில், காய்கறிக்குப் பின்னால், ஒரு துண்டைப் போர்த்தி வைத்தார்கள். அன்று முழுவதும் நிறக்காரர் பால் எடுக்கக்கூட ஃபிரிட்ஜைக் கண்ணை மூடிக்கொண்டுதான் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் கேன் வாங்குவதற்கென்றே ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரைக் கோட்டு சார் என்பார்கள். அவர் கோட்டுப் போடுவதில்லை. கேன்களின் மேல் கோடு போட்டவர் அவர்தான். ஒரு லிட்டர் அளவில், சிவப்பு மையால், ஸ்கேல் வைத்து. அவர் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கியது: 'குறைந்த மாதிரி ஏற்கப்படாத 212ஆவது நாள்.'

வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள். பதினோரு பேரும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் கையில் இருப்பது மற்றவர் எல்லாருக்கும் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கோட்டு சார் நிறக்காரரின் கேனை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார்.

"டீச்சரம்மா கேன் யாரு?" என்றார், நடைபாதையின் அந்தக் கோடி வரை கேட்கும்படி.

"நான்தாங்க... மெதுவா சொல்லுங்க."

"நானூத்திப் பத்துதான் இருக்கு. கோட்டைத் தொடவே இல்லையே!"

பதினோரு தலைகள் திரும்பின. நிறக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாள் பூரா சேர்த்ததுங்க. அவ்வளவுதான் வந்துச்சு."

"வர்றது வேற, வாங்குறது வேற. கோட்டுக்குக் கீழ இருந்தா வாங்குறதில்ல."

"சார், டெஸ்ட் எழுதுனதே கிட்னி சரியா வேலை செய்யுதான்னு பாக்கத்தானே? கம்மியா வர்றதே ஒருவேளை அதனாலதானோ என்னமோ..."

கோட்டு சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "ஏங்க, கிட்னி வேலை செய்யுதா இல்லையாங்கறது டாக்டர் பாக்கறது. கேன் ரொம்பியிருக்கா இல்லையாங்கறது நான் பாக்கறது. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க, ரெண்டாவது கேன் எடுத்துக்கங்க. அடுத்தவர் வாங்க."

சொல்லிக்கொண்டே நானூற்றுப் பத்தையும் பக்கத்துத் தொட்டியில் கவிழ்த்தார். டீச்சர் ஒருநாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது மூன்று நொடியில் போய்விட்டது.

நிறக்காரர் சண்டை போடத் தெரியாதவர். இருந்தாலும் ஒன்பது வருஷக் காத்திருப்பு அவரைக் கண்காணிப்பாளர் அறை வரை தள்ளிக்கொண்டு போனது. கண்காணிப்பாளர் மேசைமேல், பேனா வைக்கும் இடத்தில், தங்க நிற வண்ணம் பூசிய ஒரு சின்னக் கேன் இருந்தது. போன வருஷம் கிடைத்த தர விருது அது.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் கண்காணிப்பாளர். "குறை சொல்ல வந்திருக்கீங்க. குறைன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு விஷயம் கேளுங்க. முன்னெல்லாம் ஆளாளுக்கு அரை கேன், கால் கேன்னு கொண்டு வருவாங்க. பரிசோதிச்சுப் பாத்தா, அந்த மாதிரி கொண்டு வர்றவங்களுக்குத்தான் கிட்னியில கோளாறு இருக்கும்! எங்க சராசரியே கெட்டுப்போச்சு. மேலேருந்து கேள்வி கேட்டாங்க. உக்காந்து யோசிச்சோம், கோடு போட்டோம். இப்பப் பாருங்க, ஏழு மாசத்துல கிட்னிக் கோளாறே பாதியாக் குறைஞ்சிருக்கு!"

"அப்ப கோடு வரைக்கும் வராதவங்க எல்லாம் எங்கங்க போறாங்க?"

கண்காணிப்பாளர் உண்மையிலேயே யோசித்தார். "அதுக்குப் பதிவேடு இல்லையே," என்றார்.

நிறக்காரர் கும்பிட்டுவிட்டு, புதுக் கேனோடு வீடு திரும்பினார்.

டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினார். கடைசியில், "இன்னொரு தடவ கேக்கறாங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

"ஏன், முதல்ல குடுத்தது என்னாச்சு?"

"கம்மியா இருக்காம்."

டீச்சர் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். வீங்கிய முகத்தில் சிரிப்பு முழுசாக விரியவில்லை. "இருபது வருஷமா பிள்ளைங்களை மார்க் பத்தலன்னு திருப்பி அனுப்பியிருக்கேன். இப்ப நானே ஃபெயிலா?"

"நீ ஏம்மா அப்படிச் சொல்ற? தண்ணி நல்லா குடிக்கச் சொன்னாங்க."

"குடிச்சுட்டுத்தாங்க இருக்கேன். உள்ள போறது எங்க போகுதுன்னே தெரியல. காலுக்குள்ளதான் போகுது போல." விரலால் கணுக்காலை அழுத்திக் காட்டினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. "தலை வேற விண்ணுவிண்ணுன்னு வலிக்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஒண்ணுக்குப் போறதுல கூட ஃபெயிலான டீச்சர்னு பிள்ளைங்க பட்டப்பேர் வெச்சிரும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி ஆரம்பித்த சேகரிப்பு, அதற்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு முடிந்தது. நிறக்காரர் கேனைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டு, குனிந்து பார்த்தார். முந்நூற்று எண்பது. கோடு எங்கேயோ மேலே, எட்டாத உயரத்தில் இருந்தது.

இங்கே நிறக்காரரின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பதினாறு வருஷமாக அந்தக் கடையில் நிறம் கலப்பவர் அவர். பாதிச் சுவர் அடித்தபின் பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று யாராவது காலி டப்பாவோடு ஓடிவந்தால், அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சத்தை வைத்தே அதே நிறத்தைக் கலந்து டப்பாவை நிரப்பிக் கொடுப்பார். சுவரில் பழசு எங்கே முடிந்தது, புதுசு எங்கே ஆரம்பித்தது என்று அடித்தவருக்கே தெரியாது. டப்பா குறைந்திருந்தால் நிரப்பு, நிறம் மாறாமல் நிரப்பு. பதினாறு வருஷமாக அவர் கை கற்றது இது ஒன்றுதான்.

தண்ணீர் ஊற்றலாம் என்று முதலில் நினைத்தார். ஆனால் தண்ணீர் ஊற்றினால் நிறம் வெளுத்துவிடும், கோட்டு சார் கண்டுபிடித்துவிடுவார். டீச்சருடையது கடுந்தேநீர் நிறம். தன்னுடையதோ வைக்கோல் நிறம். காலையில் முதல்முறை போவது கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும் என்று தொழில்முறையில் கணக்குப் போட்டார். ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டார். வெட்கத்தில் விளக்கை அணைத்தார். நிறம் பார்க்க வேண்டியிருந்ததால் மறுபடி போட்டார். அரை மணி நேரம் இடைவெளி விட்டு, இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்து, இரண்டாம் தவணையும் சேர்த்தார். மெதுவாகச் சுழற்றிக் கலந்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார்.

கோட்டுக்கு மேல் ஒரு நூல். நிறத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கணத்தை நினைத்தால் இன்றைக்கும் அவர் சாப்பிடுகிற கையை நிறுத்திவிடுவார்.

கதவைத் திறந்தபோது டீச்சர் வெளியே நின்றுகொண்டிருந்தார். கேனைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். கணக்கு டீச்சருக்குக் கூட்டல் தெரியாமலா இருக்கும்? புடவையை மாற்றக் கிளம்பினார்.

ஜன்னலில் கோட்டு சாரின் முகம் மலர்ந்தது. "இதில்ல கேன்!" என்று வரிசைக்கே தூக்கிக் காட்டினார். "பாத்துக்கங்கய்யா. முந்தாநாள் நானூத்திப் பத்து. இன்னிக்கு ஒரு லிட்டருக்கும் மேல. மனசு வெச்சா முடியாததுன்னு ஒண்ணு இருக்கா?"

டீச்சருக்கு ரத்தமும் எடுத்தார்கள். பதினொன்றரை மணிக்கு முடிவு வந்தது. புரதம் லேசாக. ரத்த அழுத்தம் அதிகம்தான், ஆனால் அது வேறு அறையின் வேறு தாள். சிறுநீரகத்தின் வேலைத்திறனோ, எழுதிக் கொடுத்தவரே மூன்றுமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாராம். அந்த ஆஸ்பத்திரி வரலாற்றில் எந்தக் கர்ப்பிணிக்கும் அப்படி ஒரு சிறுநீரகம் அமைந்ததில்லை. தினமும் நாற்பது கிலோ பெயிண்ட் டப்பா தூக்கும் ஓர் ஆணுக்கு இருக்கலாம். ஆனால் அப்படி யோசிப்பது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

செய்தி கண்காணிப்பாளருக்குப் போனது. அவர் அன்று மதியமே சொற்பொழிவு அறையில் பயிற்சி மாணவர்களைக் கூட்டினார். மேசைமேல் கேன். பக்கத்தில் டீச்சர். பின்னால், சுவரோடு சுவராக, நிறக்காரர். கேமராக்காரர் ஒருவர் முன்வரிசையில் முழங்காலிட்டு இடம் பிடித்தார். டீச்சரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த வார்டு நர்ஸ், கையில் தாள்களோடு ஓரமாக நின்றார். கேமராக்காரர் இன்னும் கருவியை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"ஐயா," என்றார் டீச்சர் சன்னமாக, "கண்ணுல பளிச்சு பளிச்சுன்னு மின்னுது."

"கேமராம்மா, பயப்படாதீங்க."

"இன்னும் எடுக்கவே இல்லீங்களே."

"எடுப்பாங்க, எடுப்பாங்க," என்று தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்காணிப்பாளர் மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

நிறக்காரர் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அறுபது மாணவர்கள். அதில் பாதிப்பேர் பெண்கள். சாயந்திரத்துக்குள் பஸ்ஸுக்குத் தெரியும், பஸ்ஸுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் கடை முதலாளிக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார். சொற்பொழிவு முடியட்டும், தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லிவிடலாம். அப்படித்தான் முடிவு செய்தார்.

கண்காணிப்பாளரின் சொற்பொழிவோ முடிகிற இனத்தைச் சேர்ந்ததல்ல.

"நோயாளிகளே, மன்னிக்கணும், மாணவர்களே! இந்தம்மா முந்தாநாள் தோத்தாங்க. நாம அவங்களைத் திருப்பி அனுப்பினோம். அது கொடுமையா? இல்லை. அது சிகிச்சை! ரெண்டே நாள்ல அவங்க கிட்னி மூணு மடங்கு முன்னேறியிருக்குன்னா, எந்த மருந்துய்யா அதைச் செஞ்சது? ஒரு மாத்திரை குடுத்தோமா? ஒரு ஊசி போட்டோமா? ஒரு கோடு! சிவப்பு மையில ஒரே ஒரு கோடு! நாளைக்கே ரத்த அழுத்தக் கருவியிலயும் ஒரு கோடு போட்டு, அதுக்கு மேல இருக்கறவங்களை உள்ள விடாம நிறுத்திட்டா, ரத்த அழுத்தமும் இந்த ஊரை விட்டே ஓடிரும்!"

கைதட்டல். கேமரா மின்னியது. டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மேல்வயிற்றில் இன்னொரு கையை வைத்தார்.

வார்டு நர்ஸ் தாளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் கேட்காமல் முன்னால் வந்து குனிந்தார்.

"அம்மா, ரத்தத்துல கிட்னி வடிகட்டாம விட்ட கழிவோட இந்த அளவு சாதாரண ஆளுக்குச் சரி. மாசமா இருக்கறவங்களுக்கு இது ஜாஸ்தி. தாள்ல அதுக்குத் தனிக் கட்டம் இல்லாததால விட்டுட்டாங்க. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நேத்து எத்தனை தடவ போனீங்க?"

"அஞ்சு... ஆறு. கொஞ்சங் கொஞ்சமாத்தான்."

"கொஞ்சங் கொஞ்சமாவா இவ்வளவு?"

டீச்சர் தலையைத் தூக்கி, அறைக்குப் பின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாததால் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு நர்ஸிடம் திரும்பி, "இவ்வளவும் என்னுதுதான் சிஸ்டர்," என்றார்.

புருஷன் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் பொய் சொல்கிறாள் என்று நிறக்காரருக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. அறுபது பேர் முன்னால் துணி அவிழ்ந்து நின்றிருந்தால்கூட அப்படிக் கூசியிருக்காது.

"இல்ல!" என்று கத்தினார். கத்தியது தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "அதுல முந்நூத்தி எண்பதுதான் அவளோடது. மிச்சமெல்லாம்... மிச்சமெல்லாம் என்னுது."

 பின்வரிசையில் யாரோ ஒருவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

"அப்படின்னா," என்றார் கண்காணிப்பாளர், முகத்தில் ஈயாடாமல், "அந்தக் கிட்னி?"

"என்னுதுங்க."

கண்காணிப்பாளர் கேனைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏங்க, படம்லாம் எடுத்தாச்சே. இதைக் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

உலகத்தில் அந்த மனிதர் கேட்ட ஒரே நியாயமான கேள்வி அது. கேட்ட காரணம்தான் வேறு.

நர்ஸ் எதற்கும் காத்திருக்கவில்லை. சக்கர நாற்காலியைத் திருப்பிக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்துகொண்டு ஓடினார். "படிவம்!" என்று யாரோ கூப்பிட்டார்கள். "அப்புறம் எழுதிக்கலாம், வழிய விடுங்க!" என்ற குரல் மட்டும் நடைபாதையிலிருந்து வந்தது.

வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டார்கள். ரத்த அழுத்தத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக இறக்கினார்கள். இனி வயிற்றில் வைத்திருப்பது தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று அன்று மாலையே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்று அறுவை செய்த டாக்டர் ஆரம்பித்து, நிறக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிக்காமல் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியும் சும்மா இருந்துவிடவில்லை. மறுநாளே விசாரணைக் குழு கூடி, நடந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தது. காரணம் கணவன்மார்கள். அடுத்த நாளிலிருந்து கேனோடு வரும் ஆண்கள் எல்லாரும், 'இதில் என்னுடையது எதுவும் இல்லை' என்று எல்லார் முன்னிலும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஜன்னலை நெருங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தன் சொந்தக் கேனைக் கொண்டுவந்த ஒரு வயதானவர் அந்த வரிசையில் என்ன சொல்வது என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றார் என்று கேள்வி.

நிறக்காரர் இரண்டு நாள் வார்டு வாசல் பெஞ்சிலேயே கிடந்தார். உள்ளே போகக் கால் வரவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் நடையைக் குறைப்பதாக அவருக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமல்ல, குறைக்கத்தான் செய்தார்கள். தையல் கடை அக்கா பார்க்க வந்தபோது, வாயெல்லாம் கேள்வியாக வந்தவர், அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த அக்கா கேள்வியைப் பாதியில் விழுங்கியது அவர் வாழ்க்கையிலேயே அது ஒருமுறைதான்.

மூன்றாம் நாள் டீச்சரே கூப்பிட்டனுப்பினார்.

முகத்தின் வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. கையில் ஊசிக்குழாய். நிறக்காரர் கட்டில் கால்மாட்டில், தூரமாக நின்றார்.

"கிட்ட வாங்க. உங்க கிட்னியை நான் ஒண்ணும் பிடுங்கிக்க மாட்டேன்."

வந்தார். சிரிக்க முயன்றார், முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் டீச்சர். "கண்ணு மின்னுதுன்னு நான் சொன்னேன்ல, அது உங்க காதுல விழுந்துச்சா?"

அறையின் கடைசியில்தானே நின்றார். விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் நம்பவும் நம்பியிருப்பார்.

"விழுந்துச்சு."

"அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சுச் சொன்னீங்க?"

நிறக்காரர் தரையைப் பார்த்தார். "இருபது நிமிஷம்." பிறகு திருத்திக்கொண்டார். "இருபத்தஞ்சு இருக்கும்."

"வெக்கமா இருந்துச்சா?"

"ஆமாம்மா."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தார் நிறக்காரர். திட்டினால் தேவலை என்றிருந்தது. அழுவார் என்று காத்திருந்தார். அதுவும் நடக்கவில்லை.

"அவளை இன்னும் பாக்கலையாமே நீங்க. சிஸ்டர் சொன்னாங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பாக்கறது?"

"அவளுக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். கண்ணே இன்னும் சரியாத் தெறக்கல. போங்க."

குழந்தைகள் பிரிவின் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஒரு தாதி கதவை ஒருக்களித்துத் திறந்து, கையிலிருந்த சீட்டைப் பார்த்து, "டீச்சரம்மா குழந்தைக்கு அப்பா யாரு?" என்றார். சத்தமாகத்தான் கேட்டார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

நிறக்காரர் கையைத் தூக்கினார். தோள் உயரம் வரைதான் அது போனது. அதற்குமேல் போகவில்லை.